குறைந்த செலவில் ஸ்னோமொபைல்: ஆழ்பனிக்குப் போகுமுன் போடவேண்டிய கணக்கு

பூண்டுலோயாவில் எங்கள் லயத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் மகன் கனடாவுக்குப் போய் நான்கு வருடங்கள் ஆகின்றன. பிரம்டனில் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை. போன மாரிகாலத்தில் அவனிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு கணக்குத்தாள் வந்தது. "மாமா, நாங்க அஞ்சு பேரு ரெவல்ஸ்டோக் போறோம். ஸ்னோமொபைல் வாடகைக்கு எடுத்து மூணு நாள் மலையில ஓட்டப் போறோம். செலவு சரியா இருக்கான்னு பாருங்க" என்றான். ஐந்து பேரில் ஒருவரும் அதுவரை ஸ்னோமொபைலில் ஏறியதில்லை.

அன்று மாலையே அக்காவும் வந்துவிட்டார். மகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறார். ஒருவன் வண்டியோடு நெஞ்சளவு பனிக்குள் பாய்ந்து, பனியைத் தூளாக இறைத்தபடி மலையில் ஏறுகிறான். அக்கா கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, அங்கயும் மலை சரியுமா?"

சரியும். இந்தக் கட்டுரையின் பாதி அந்தக் கேள்விக்கான பதில். மற்றப் பாதி செலவுக் கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்த்ததால்தான் அவனுடைய கணக்குத்தாள் பிழைத்துப் போயிருந்தது. நம் வீடுகளில் கனடாவில் பிள்ளையோ மருமகனோ இல்லாத வீடு குறைந்துகொண்டே வருவதால், இதை அவனுக்கு மட்டும் சொல்லிவிட்டு விடாமல் இங்கே எழுதுகிறேன்.

ஒரு குழந்தையின் மரணமும் ஒரு வண்டியும்

ஸ்னோமொபைல் என்பது முன்னால் இரண்டு பனிச்சறுக்குப் பலகைகளும், பின்னால் யுத்த டாங்கிக்கு இருப்பதுபோல் சுழலும் ஒரு றப்பர் பட்டியும் கொண்ட வண்டி. கைப்பிடி மோட்டார் சைக்கிளைப் போலிருக்கும். இன்று இது விளையாட்டுச் சாமான். பிறந்தது அப்படியல்ல.

கியூபெக் மாகாணத்தின் வல்கோர் என்ற கிராமத்தில் 1907இல் பிறந்தவர் ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியர். 15 வயதில், பழைய ஃபோர்ட் கார் எஞ்சினையும் விமான விசிறி போன்ற ஒன்றையும் பூட்டி, பனியில் ஓடும் ஒரு வண்டியைச் செய்தார். அப்பா அதை உடனே கழற்றச் சொல்லிவிட்டார். 1934 மாரிகாலத்தில் பொம்பார்டியரின் இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தான். வீதிகள் பனியால் மூடியிருந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வழி இல்லை. குழந்தை இறந்துபோனது. 1937இல் பல்சக்கரமும் றப்பர் பட்டியும் சேர்ந்த தன் பொறிமுறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். முதலில் வந்தது ஏழு பேர் ஏறக்கூடிய மூடிய வண்டி. அந்த வரிசை வண்டிகள் அம்புலன்ஸாக, தபால் வண்டியாக, பாடசாலை வண்டியாக ஓடின. ஒருவர் இருவர் ஏறும் சிறிய வண்டி 1959இல்தான் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் சந்தைக்கு வந்தது.

பிரசவ வலி கண்டவளைத் தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு கல்ரோட்டில் இறங்கிய கதை இல்லாத குடும்பம் நம் மலைகளில் குறைவு. பொம்பார்டியரின் கதையை அக்காவுக்குச் சொன்னபோது அவர் வீடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பாதையில் ஓடுவதும் பாதை விட்டு ஓடுவதும்

மகனின் கணக்குத்தாளில் இருந்த முதல் குழப்பம் இது. அவன் இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்தான்.

ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் ஸ்னோமொபைல் என்றால் பெரும்பாலும் பாதைப் பயணம். கழகங்களின் தொண்டர்கள் இயந்திரத்தால் சமப்படுத்தி வைக்கும் அகலமான பனிப்பாதைகள் இவை. அடையாளப் பலகை, சந்தி, பெற்றோல் நிலையம், சாப்பாட்டுக் கடை எல்லாம் வழியில் இருக்கும். ஒன்ராறியோவில் மட்டும் சுமார் 30,000 கிலோமீற்றர் நீளத்துக்கு இப்படியான பாதைகள் உண்டு. ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் சம்மேளனம் வழங்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். வேகத்துக்கும் சட்டம் உண்டு, பாதைகளில் மணிக்கு 50 கிலோமீற்றர். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் காரோட்டும் சாரதி அனுமதிப்பத்திரமும் சேர்ந்து பறிபோகும். களஞ்சியசாலைக்கு நள்ளிரவில் கார் ஓட்டிப் போகிறவனுக்கு இது வேலையே போகிற விஷயம்.

ஒன்ராறியோவில் பாதையை விட்டு விலகிப் புதுப்பனியில் இறங்கினால் என்ன என்று கேட்பார்கள். அந்தப் பாதைகளில் பெரும்பகுதி தனியார் காணிகள் ஊடாகப் போகிறது. காணிக்காரர் பாதைக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் வயலுக்குள் இறங்கி விளையாடியதால் காணிக்காரர் கோபப்பட்டு வாசலை அடைத்துவிட்டால், முழுப் பாதையுமே துண்டாகிவிடும். ஆகவே ஒன்ராறியோவில் விலகி ஓடுவது அத்துமீறல், அவ்வளவுதான்.

அந்த வீடியோவில் இருந்த நெஞ்சளவுப் பனி மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் இருக்கிறது. ரெவல்ஸ்டோக், கோல்டன், சிக்கமஸ், வேல்மவுண்ட் போன்ற சிறு நகரங்கள் இதற்குப் பெயர்போனவை. அங்கே அடிவாரத்திலிருந்து சமப்படுத்திய பாதை ஒன்று மேலே போகும். மேலே போனபின் பாதை முடிந்துவிடும். பிறகு மலை மட்டும்தான். ரெவல்ஸ்டோக்கில் போல்டர் மலை, ஃபிரிஸ்பி முகடு என்ற இரண்டு பகுதிகளை உள்ளூர்க் கழகம் பராமரிக்கிறது. நாளொன்றுக்குச் சில பத்து டொலர் கட்டணம். தேசியப் பூங்காக்களுக்குள் ஸ்னோமொபைல் ஓடவே முடியாது. அருகி வரும் மலைக் கரிபூ மான்கள் மாரியைக் கழிக்கும் இடங்களும் பல மூடப்பட்டுள்ளன. வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைக்காமல் போனால், தெரியாமலே தடைசெய்த எல்லைக்குள் நுழைந்து தண்டம் கட்ட நேரலாம்.

வண்டியும் வேறு. பாதை வண்டியின் பட்டி 120 முதல் 137 அங்குலம் வரை நீளம், பட்டியில் உள்ள பற்கள் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் உயரம். மலை வண்டியின் பட்டி 154 அங்குலத்திலிருந்து 165க்கும் மேல் போகும், பற்கள் இரண்டரை, மூன்று அங்குலம். அந்த நீளம்தான் வண்டியைப் பனியின் மேல் மிதக்க வைக்கிறது. ஓடும்வரை மிதக்கும், நின்றால் அமிழும். எரிவாயுவைக் குறைத்துத் தயங்கினால் அந்த இடத்திலேயே புதைந்துவிடும். 200 கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தோண்டி எடுப்பது, ஒரு நாளில் நான்கு தடவை நடந்தால், கவ்வாத்து வெட்டிய நாளைவிட உடம்பு வலிக்கும். முதல் தடவை போகிறவர்கள் ஓட்டும் நேரத்தைவிடத் தோண்டும் நேரமே அதிகம் என்பதை எந்த வீடியோவும் காட்டுவதில்லை.

திருப்புவதும் பாதையில் திருப்புவதுபோல் அல்ல. மலைச்சரிவில் குறுக்காகப் போக, ஓட்டுபவர் மேட்டுப் பக்கமாக உடம்பைச் சாய்த்து, வண்டியை அந்தப் பக்க விளிம்பில் நிறுத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். கைப்பிடியைப் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். நிறுத்தும்போது மூக்கு பள்ளத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் மறுபடி கிளப்ப முடியும். இதையெல்லாம் முதல் நாளே, வாடகை வண்டியில், சொல்லித்தர ஆளில்லாமல் கற்க நினைப்பது காசை மலையில் கொட்டுவதற்குச் சமம்.

காசு எங்கே போகிறது

மலை வண்டி ஒன்றின் நாள் வாடகை 400 கனேடிய டொலர் அளவில் நிற்கிறது. இடத்துக்கு இடம், வார நாளுக்கும் வார இறுதிக்கும் மாறும். கனேடிய டொலர் ஒன்று 200 ரூபாயைத் தாண்டி நிற்கும் இன்றைய நிலையில் இது 80,000 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால், மலையில் ஒரு நாள் என்பது தோட்டத்தில் கிட்டத்தட்ட 60 நாள் கொழுந்து. இதை அவனைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. இரவெல்லாம் பெட்டி தூக்கிச் சம்பாதித்த காசு, அவன் விருப்பம். காசு எங்கே வீணாகிறது என்பதுதான் என் கவலை.

வாடகைக்கு மேல் வருவன கணக்குத்தாளில் இல்லை. வண்டியை வாங்கும்போது கடனட்டையில் சில ஆயிரம் டொலர் பிணையாகப் பிடித்து வைப்பார்கள். புதைந்த கல்லிலோ வெட்டிய மரத்தின் அடியிலோ மோதிச் சறுக்குப் பலகை வளைந்தால் அந்தப் பிணையிலிருந்து கழியும். டிசம்பரில் பனி போதாது, கல்லும் கட்டையும் மேலேயே நிற்கும். அதனால் ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு போவதே காசுக்கும் நல்லது. ஆழ்பனியில் எஞ்சின் பெற்றோலைக் குடிக்கும், ஒரு நாளில் ஒரு தாங்கி காலியாகும். உயரத்தில் காற்று மெலிவதால் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் எஞ்சினின் பலம் ஏறத்தாழ மூன்று வீதம் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடைக்காரர் பெரிய எஞ்சினைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று சந்தேகப்படத் தேவையில்லை.

ரொறன்ரோவிலிருந்து ரெவல்ஸ்டோக்குக்கு நேரடி விமானம் கிடையாது. கெலோனாவில் இறங்கினால் சுமார் 200 கிலோமீற்றர், கல்கரியில் இறங்கினால் 400 கிலோமீற்றருக்கு மேல். கல்கரி டிக்கெட் மலிவாக இருக்கும்போது பலரும் அதை எடுக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் ரோஜர்ஸ் கணவாய் இருக்கிறது. பனிச்சரிவைத் தடுக்கப் பீரங்கி வைத்துப் பனியை உடைக்கும்போது நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள். சில மணி நேரம் போகலாம், ஒரு நாளும் போகலாம். முற்பணம் கட்டிய வாடகை நாள் வீதியிலேயே கழிந்துவிடும். அந்த மலைவீதிகளில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மாரிகால டயர் சட்டப்படி கட்டாயம். கார் வாடகைக்கு எடுக்கும்போது அதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

தங்குவதற்கு ரெவல்ஸ்டோக் மலிவான ஊரல்ல, அங்கே பெரிய பனிச்சறுக்கு மையமும் உண்டு. செவ்வாய், புதன், வியாழனில் போனால் அறையும் குறையும், மலையில் கூட்டமும் குறையும். ஐந்து பேர் ஒரு சமையலறையுள்ள வீட்டை எடுத்துச் சோறு கறி சமைத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். இதில் நம் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உடுப்பை வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் உள்ளே பருத்தி டீசேர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. தோண்டி வேர்த்தபின் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரச் செய்யும். கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, கூடுதலாக ஒரு சோடி கையுறை, இன்னொரு கண்ணாடி. தலைக்கவசம் கட்டாயம்.

காப்புறுதியில்தான் பெரிய ஓட்டை. ஒன்ராறியோ சுகாதாரக் காப்பு வேறு மாகாணத்தில் வைத்தியர் செலவைப் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும், அம்புலன்ஸ் செலவைப் பார்க்காது. சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, பாதைக்கு வெளியே ஸ்னோமொபைல் ஓட்டுவதைச் சிறிய எழுத்தில் விலக்கி வைத்திருக்கும். இலங்கையிலிருந்து வருகை விசாவில் போய்ச் சேர்ந்துகொள்ளும் தம்பி தங்கைக்கு எந்த மாகாணக் காப்பும் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தேடி மீட்கும் குழுக்கள் ஆளை மீட்கக் காசு கேட்பதில்லை. வண்டியை இறக்குவது உங்கள் செலவு. பள்ளத்தில் கிடக்கும் வண்டியை ஹெலிகொப்டரில் தூக்கினால் அந்தப் பில் முழுப் பயணத்தையும்விடப் பெரிதாகலாம்.

"அங்கயும் மலை சரியுமா?"

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நமக்கு மலை சரிவது தெரியும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா மாவட்டம் எங்கும் சரிவுகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கும்போது அதன் பொருள் நம் சிறுபிள்ளைகளுக்கும் புரியும். நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்வது, ஊற்று கலங்குவது எல்லாம் நாம் பார்த்துப் பழகிய குறிகள்.

பனிமலைக்கும் இதேபோல ஒரு மொழி இருக்கிறது. அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு, ரெவல்ஸ்டோக்கையே தலைமையகமாகக் கொண்டு, மாரிகாலம் முழுவதும் நாள்தோறும் ஆபத்து நிலையை இலவசமாக வெளியிடுகிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை படிகள். ஐந்தாம் படியில் யாரும் போகமாட்டார்கள். உயிர்கள் அதிகம் போவது நடுவிலுள்ள மூன்றாம் படியில். அதில் மலை பாதி நம்பிக்கை தருகிறது, வானம் நீலமாக இருக்கிறது, புதுப்பனி அழைக்கிறது. முப்பது பாகைக்கும் நாற்பத்தைந்து பாகைக்கும் இடைப்பட்ட சரிவுகளே பெரும்பாலும் உடைபவை. ஸ்னோமொபைல்காரர்கள் ஏறி விளையாட ஆசைப்படுவதும் அதே சரிவுகளில்தான்.

நுவரெலியாவில் ஜனவரியில் மேகமில்லாத இரவுக்குப் பிறகு புல்லின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, கொழுந்தைக் கருக்கிவிடும் அந்த உறைபனி, கனடா மலைகளில் பனியின் மேற்பரப்பிலும் அதே மாதிரி இரவுகளில் பூக்கிறது. இறகு போன்ற மெல்லிய பளிங்குகள். பார்க்க அழகு. மறுவாரம் அதன்மேல் அரை மீற்றர் புதுப்பனி விழுந்துவிட்டால், அந்தப் பூக்கள் உள்ளே நசுங்காமல் நிற்கும், சீட்டுக்கட்டு வீடுபோல. மேலே ஒரு வண்டி போகும் பாரத்தில் அது இடிந்து, மேலிருக்கும் பனித்தட்டு முழுவதும் பலகைபோல் உடைந்து வழுக்கும். சில வாரங்கள் கழித்தும் அப்படி நடக்கலாம். மேலே நின்று பார்ப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. நாளறிக்கையைப் படிப்பவருக்குத் தெரியும்.

கண்ணால் காணக்கூடிய குறிகளும் உண்டு. அக்கம்பக்கத்தில் புதிதாகச் சரிந்த அடையாளம். வண்டியின் அடியிலிருந்து பனியில் ஓடும் வெடிப்பு. கால்வைத்ததும் 'வும்' என்று பனி அமர்ந்து எழும் சத்தம். கனத்த பனிப்பொழிவு, பலத்த காற்று, திடீரென்று வெப்பம் ஏறுதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் செங்குத்துச் சரிவைவிட்டு இறங்க வேண்டும்.

2008 டிசம்பர் 28ஆம் திகதி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகருக்கு அருகே ஹார்வி கணவாயில், ஸ்பார்வூட் என்ற சிற்றூரைச் சேர்ந்த பதினொரு பேர் ஸ்னோமொபைலில் போயிருந்தார்கள். ஒரு பகுதியினரைப் பனி மூடியது. மற்றவர்கள் விரைந்து வந்து தோண்டத் தொடங்கினார்கள். தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேல் அடுத்த சரிவு விழுந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்கள் புதியவர்கள் அல்ல, உள்ளூர்க்காரர்கள், கருவிகளும் வைத்திருந்தவர்கள். 2010 மார்ச் 13ஆம் திகதி ரெவல்ஸ்டோக்கின் போல்டர் மலையில் சுமார் 200 பேர் ஒரு மலையேற்றப் போட்டியைப் பார்த்துக்கொண்டு கீழே கூடி நின்றபோது சரிவு வந்தது. இருவர் இறந்தார்கள், முப்பதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏற வேண்டும், மற்றவர்கள் சரிவு வந்து சேராத இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்ற விதி இப்படியான நாட்களிலிருந்து வந்தது. மேலே ஒருவன் புதைந்து நிற்கிறான் என்று உதவிக்கு இன்னொருவன் வண்டியோடு ஏறுவதுதான் நண்பர் கூட்டங்கள் செய்யும் முதல் தவறு.

புதைந்தவருக்கு நேரம் மிகக் குறைவு. முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பார்கள். அதன்பின் வாய்ப்பு வேகமாக விழும், அரை மணி நேரம் போனால் பிழைப்பவர் சிறுபான்மை. மீட்புக் குழு ஹெலிகொப்டரில் வந்தாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வர முடியாது. எடுக்கக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர் மட்டுமே. ஆகவே ஒவ்வொருவர் உடம்பிலும் மூன்று பொருட்கள் வேண்டும். 457 கிலோஹேர்ட்ஸில் சமிக்ஞை விடும் ட்ரான்சீவர் கருவி, பனிக்குள் குத்தி ஆள் கிடக்கும் ஆழத்தைப் பார்க்கும் மடிப்புக் கம்பி, சவல். சரிவு நின்றதும் பனி சீமெந்துபோல் இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது. சவலும் கம்பியும் முதுகுப்பையில் இருக்க வேண்டும், வண்டிப் பெட்டியில் அல்ல. வண்டி வேறெங்காவது புதைந்து கிடக்கும். கைபேசியையும் சூடாக்கும் கையுறையையும் ட்ரான்சீவரிலிருந்து குறைந்தது 20 சென்ரிமீற்றர் தள்ளி வைக்க வேண்டும், தேடும்போது 50. காற்றுப்பை முதுகுப்பையும் உதவும், ஆனால் அது இந்த மூன்றுக்கும் பதிலாகாது.

மலையில் கைபேசி அலைவரிசை இருக்காது. ஐபோன் 14க்குப் பிந்தியவற்றில் செய்மதி வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம், கனடாவில் அது வேலை செய்யும். இல்லாவிட்டால் ஒரு செய்மதிக் கருவியை வாடகைக்கு எடுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒருவர் பூண்டுலோயாவில் இருக்கும் அம்மாவாக இருந்து பயனில்லை.

திருத்திய கணக்கு

மகனின் திட்டம், வழிகாட்டி இல்லாமல் மூன்று நாள், ஆளுக்கு வண்டி வாடகை மட்டும் 1,200 டொலர். கருவிகளும் இல்லை, பயிற்சியும் இல்லை. நான் எழுதியனுப்பியது வேறு.

ஜனவரியில் ஒரு நாள், ரொறன்ரோவிலிருந்து காரில் போய்வரக்கூடிய ஹலிபர்ட்டன் அல்லது மஸ்கோகா பக்கம், பாதை வண்டியில் ஓட்டிப் பழகுங்கள். வாடகை 200 முதல் 300 டொலருக்குள். அனுமதிச்சீட்டு அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு நாளிலேயே ஐந்து பேரில் யாருக்கு இது ஒத்துவராது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு விமான டிக்கெட் போடுங்கள். இதற்கிடையில் அவலாஞ்ச் கனடாவின் 'அவி சவி' என்ற இணையப் பாடத்தைப் படித்துவிடுங்கள், இலவசம். பெப்ரவரியில் ரெவல்ஸ்டோக்கில் ஒரே ஒரு நாள், வழிகாட்டியோடு. வண்டி, கருவிகள் சேர்த்து ஆளுக்கு 600 டொலர் அளவில் வரும். வானிலைக்காக இன்னொரு நாளை வெறுமையாக வைத்திருங்கள். மொத்தம் 850 டொலர். மிச்சமாகும் 350 டொலரில் சரியான காப்புறுதியை எடுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் நாமே போகலாம் என்று தோன்றும் வருடத்தில், இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சியின் முதலாம் நிலையை முடிக்காமல் போக வேண்டாம். சில நூறு டொலர் செலவாகும். ஸ்னோமொபைல்காரர்களுக்கென்றே நடத்தப்படும் வகுப்புகள் உண்டு. ஐந்து பேரில் ஒருவன் மட்டும் படித்தால் போதும் என்று பேசிக்கொள்வார்கள். அந்த ஒருவன் புதைந்துபோனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன், பதில் வரவில்லை.

கனடா விசா இல்லாத, இங்கிருந்தே பனியைப் பார்க்க ஆசைப்படும் நம்மவருக்கு அருகில் இருப்பது காஷ்மீரின் குல்மார்க். கடல்மட்டத்திலிருந்து 2,650 மீற்றர். கொழும்பிலிருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகர், பிறகு வீதியில் சுமார் 50 கிலோமீற்றர். இந்திய இ-விசா இலங்கையருக்குக் கிடைக்கும். அங்கேயும் ஸ்னோமொபைல் ஓடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வருவது, நாமே ஆழ்பனியில் ஓட்டுவது அல்ல. ஏறுமுன் எத்தனை நிமிடம், எங்கே வரை என்று பேசி முடித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலம் என்றாலும் பனிக்கு உத்தரவாதமில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் வெறும் தரையாகக் கிடந்தது. அடுத்த மாதமே பனி கொட்டி, பெப்ரவரி 22ஆம் திகதி சரிவில் ஒரு ரஷ்யப் பனிச்சறுக்கு வீரர் இறந்தார். பஹல்காமில் 2025 ஏப்ரலில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு சுற்றுலா இடங்கள் மூடுவதும் திறப்பதுமாக இருந்ததால், டிக்கெட் எடுக்குமுன் நிலைமையைப் பாருங்கள். இந்தியாவின் மற்ற மாநிலங்களில் வாங்கிய முற்கட்டண சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. சென்னையில் சிம் வாங்கிவிட்டோம் என்ற நம்பிக்கையில் இறங்காதீர்கள்.

மகன் ஒரு வாரம் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹலிபர்ட்டனிலிருந்து படம் வந்தது. ஐந்து பேரில் நான்கு பேர்தான் நிற்கிறார்கள். ஐந்தாமவன் காலையிலேயே வண்டியைச் சாய்த்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருக்கிறானாம். "அவன் இனி வரமாட்டான் மாமா, நாலு பேருக்குத்தான் வழிகாட்டிக்குக் கட்டியிருக்கோம்" என்று எழுதியிருந்தான். கைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். படத்தைப் பெரிதாக்கி, மகனுக்குப் பின்னாலிருந்த மேட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அது எத்தனை பாகை என்று கேட்டார்.